எக்ஸிலிருந்து மாஸ்டடானுக்கோ புளூஸ்கைக்கோ போகிறீர்களா? புதியவர்களுக்கான படிப்படி வழிகாட்டி

எக்ஸை (முன்பு ட்விட்டர்) விட்டு வேறு இடம் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எது நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: நாளைக்கு அந்தப் புது இடத்திலிருந்தும் கிளம்ப வேண்டி வந்தால், கையோடு எதை எடுத்துப் போக முடியும்? நான் கணக்கு வைத்திருந்த ஒரு சிறிய மாஸ்டடான் சர்வர் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோனது. என்னைப் பின்தொடர்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிலரை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வரக் கூடாது. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் வெளியே போகும் வழியை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு உள்ளே நுழைவதைப் பற்றியது.

1. முதலில் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

குறும்பதிவுத் தளம் எதுவானாலும் உங்களுக்கென்று அங்கே சேர்வது மூன்று: பெயர், பின்தொடர்பவர்கள், எழுதிய பதிவுகள். இந்த மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும், பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

எக்ஸில் மூன்றும் ஒரே நிறுவனத்திடம். கணக்கை முடக்கினால் மூன்றும் ஒரே நாளில் போகும். பதிவுகளின் நகலைத் தரவிறக்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த நகலைக் கொண்டுபோய் வேறெங்கும் அதே கணக்காக உயிர்ப்பிக்க வழியில்லை. மெட்டா நிறுவனத்தின் திரெட்ஸும் அடிப்படையில் இப்படித்தான். அமைப்புகளில் ஃபெடிவெர்ஸ் பகிர்வை (மாஸ்டடான் போன்ற, ஒன்றோடொன்று பேசும் சர்வர்களின் வலைக்குப் பகிர்வது) இயக்கினால் மாஸ்டடானில் இருப்பவர்கள் உங்கள் பதிவுகளைப் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் கணக்கு இருப்பது மெட்டாவிடம்.

மாஸ்டடான் ஆயிரக்கணக்கான சர்வர்களின் கூட்டம். ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்து முகவரியிலிருந்து இன்னொரு நிறுவனத்து முகவரிக்கு அனுப்புவது போலவே, ஒரு சர்வரில் இருந்துகொண்டு மற்ற சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். முகவரியும் மின்னஞ்சல் மாதிரி இரண்டு பகுதிகள் கொண்டது: உங்கள் பெயர், சர்வரின் பெயர். சர்வர் மாறும்போது பின்தொடர்பவர்கள் உங்களோடு வருவார்கள். பதிவுகள் வராது, பெயரின் பின்பாதியும் மாறிவிடும்.

புளூஸ்கையின் அடியில் இருப்பது ஏடி புரோட்டோகால் என்ற வேறொரு நெறிமுறை. அங்கே உங்கள் கணக்குக்கு மாறாத ஓர் அடையாள எண் உண்டு. வெளியே தெரியும் பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. கணக்கை வேறு சர்வருக்கு மாற்றினால் பதிவுகளும் பின்தொடர்பவர்களும் கூடவே வருகிறார்கள். ஏட்டில் பார்த்தால் இந்தத் தளங்களில் இதுவே சிறந்தது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலோரின் கணக்குகள் புளூஸ்கை என்ற அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. செயலியும் மட்டுறுத்தலும் (தகாத பதிவுகளைக் கண்காணித்து நீக்குவது) பெரும்பாலும் அவர்களுடையவையே. வாசல் திறந்திருக்கிறது, அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: விவாதங்களும் செய்தியும் உடனடியாக வேண்டும், அமைப்புகளோடு மல்லாட நேரமில்லை என்பவர்களுக்குப் புளூஸ்கை. ஒரு துறை சார்ந்த சிறு வட்டத்தோடு நிதானமாகப் பழக வேண்டும், அல்காரிதம் எதுவும் குறுக்கே வரக் கூடாது என்பவர்களுக்கு மாஸ்டடான். மாஸ்டடானின் முகப்பு ஓடையில் நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் நேர வரிசையில் மட்டுமே வரும்.

2. கிளம்பும் முன் எக்ஸ் காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

கணக்கு அமைப்புகளில் "உங்கள் தரவின் காப்பகத்தைத் தரவிறக்கு" என்று ஒரு தெரிவு இருக்கும். கடவுச்சொல்லும், மின்னஞ்சலுக்கோ தொலைபேசிக்கோ வரும் சரிபார்ப்புக் குறியீடும் கேட்பார்கள். பழைய தொலைபேசி எண்ணையோ, விட்டுவிட்ட மின்னஞ்சலையோ கணக்கில் வைத்திருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

கோரிக்கை வைத்தவுடன் கோப்பு கிடைக்காது. ஒரு நாளாவது ஆகும், கூடவும் ஆகலாம். தயாரானதும் வரும் இணைப்பு சில நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆகவே முதல் நாள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். மற்றவற்றை அது வருவதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.

காப்பகத்தில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. பின்தொடர்பவர்கள் பட்டியலில் பெயர்கள் இருக்காது, வெறும் கணக்கு எண்கள்தான் இருக்கும். முக்கியமான ஐம்பது அறுபது பேரின் பெயர்களையாவது கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய வலைத்தளம், மின்னஞ்சல் தெரிந்தால் அதையும். அடுத்தது, நீங்கள் பகிர்ந்த இணைப்புகள் எக்ஸின் சுருக்க முகவரிகளாக மாறியிருக்கும். அந்தச் சேவை நின்றால் சுருக்க முகவரிகளும் நின்றுபோகும். முக்கியமான இணைப்புகளின் முழு முகவரியைத் தனியே எடுத்து வையுங்கள்.

அப்புறம், புதுக் கணக்கு தொடங்கியதும் அதன் முகவரியை எக்ஸ் சுயவிவரத்தில் போட்டுவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். 2022 டிசம்பரில், மாஸ்டடான் உள்ளிட்ட தளங்களைப் பரப்பும் இணைப்புகளுக்குத் தடை என்று அன்றைய ட்விட்டர் திடீரென ஒரு விதியைக் கொண்டுவந்தது. கடும் எதிர்ப்பு வந்ததால் விரைவிலேயே விலக்கிக்கொண்டது. ஒரே ஆள் முடிவெடுக்கும் இடத்தில் விதி எப்போது வேண்டுமானாலும் மாறும்.

3. என்னென்ன தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்

பெரிய பட்டியல் இல்லை. நிரந்தரமான ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். அலுவலக மின்னஞ்சலோ கல்லூரி மின்னஞ்சலோ வேண்டாம். வேலை மாறினால் கணக்கை மீட்க வழியிருக்காது. மாஸ்டடானில் சேரத் தொலைபேசி எண் தேவையில்லை. புளூஸ்கையில் பிறந்த தேதி கேட்பார்கள்.

மாஸ்டடான் சர்வர்கள் சிலவற்றில் நிர்வாகி ஒப்புதல் தந்தால்தான் சேர முடியும். "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று ஒரு பெட்டி இருக்கும். அதை வெறுமனே நிரப்பாதீர்கள். நீங்கள் யார், எதைப் பற்றி எழுதுவீர்கள் என்று இரண்டு மூன்று வரி உண்மையாக எழுதுங்கள். "சேர வேண்டும்" என்று ஒற்றைச் சொல்லோடு வரும் விண்ணப்பங்களை எரிதக் (ஸ்பேம்) கணக்குகள் என்று தள்ளிவிடுவது வழக்கம். ஒப்புதல் சில மணி நேரத்திலும் வரலாம், சில நாட்களும் ஆகலாம். நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்.

இரு படிச் சரிபார்ப்பை முதல் நாளே இயக்குங்கள். மாஸ்டடானில் அதற்கு ஒரு குறியீட்டுச் செயலி (ஆதென்டிகேட்டர்) தேவை. இயக்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தொலைபேசியிலேயே வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். தொலைபேசி தொலைந்தால் அந்தக் குறியீடுகள்தான் துணை. அதுவும் இல்லையென்றால் சர்வர் நிர்வாகியிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

4. மாஸ்டடான் என்றால் சர்வர் தேர்வில்தான் எல்லாமே

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். பின்னால் மிச்சமாகும்.

மாஸ்டடானின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சர்வர் பட்டியல் இருக்கிறது. அதில் இடம்பெற வேண்டுமானால் ஒரு சர்வர் சில உறுதிமொழிகளை ஏற்றிருக்க வேண்டும்: தினமும் பேக்கப் எடுப்பது, அவசரத்தில் சர்வரைக் கையாளக் குறைந்தது இன்னொருவருக்காவது அனுமதி இருப்பது, இனவெறி, பாலின வெறுப்பு போன்றவற்றுக்கு எதிராக மட்டுறுத்துவது, மூடுவதானால் மூன்று மாதம் முன்பே அறிவிப்பது. இது சட்டப்படியான உத்தரவாதம் கிடையாது. இருந்தாலும் பட்டியலுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு சேர்வதைவிட எவ்வளவோ மேல்.

அந்த மூன்று மாதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பின்தொடர்பவர்களை வேறு சர்வருக்கு மாற்ற உங்கள் பழைய சர்வர் உயிரோடு இருந்தாக வேண்டும். அது நின்றுபோன பிறகு உங்கள் கையில் எந்தக் கடவுச்சொல் இருந்தும் பயனில்லை. 2023 பிப்ரவரியில் மாஸ்டடான்.லால் என்ற சர்வரின் நிர்வாகி மூடப்போவதாக அறிவித்தபோது அவகாசம் கொடுத்தார். உறுப்பினர்கள் வேறிடம் மாற முடிந்தது. அப்படிச் சொல்லாமல் மூடுபவர்களும் இருக்கிறார்கள்.

சேருவதற்கு முன் சர்வரின் "பற்றி" பக்கத்தை முழுதாகப் படியுங்கள். விதிகள் தெளிவாக இருக்கின்றனவா, நடத்துபவர் ஒருவரா பலரா, செலவை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். எந்தெந்தச் சர்வர்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலையும் பலர் அங்கே வெளியிடுகிறார்கள். ஒரு சர்வர் இன்னொன்றை முழுவதுமாகத் தடுத்தால் இருபக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. உங்கள் நண்பர்கள் இருக்கும் சர்வர் அந்தப் பட்டியலில் இருந்தால் அங்கே சேர்ந்து என்ன பயன்?

டொமைன் பெயரின், அதாவது சர்வரின் இணைய முகவரியின், கடைசிப் பகுதியையும் பாருங்கள். சில சர்வர்கள் பெயர் அழகாக அமைய வேண்டும் என்று ஏதோ ஒரு நாட்டின் குறியீட்டை எடுத்துக்கொள்கின்றன. க்வியர்.ஏஎஃப் என்ற சர்வர் ஆப்கானிஸ்தானின் குறியீட்டைப் பயன்படுத்தியது. 2024 பிப்ரவரியில் தாலிபான் நிர்வாகத்தின் கீழிருந்த, அந்தக் குறியீட்டில் பெயர்களைப் பதிவுசெய்யும் அமைப்பு அந்த டொமைனை நிறுத்திவிட்டது. சர்வர் இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை, பெயர் மட்டும் போனது. மாஸ்டடானில் பெயர் போனால் கணக்குகளின் முகவரியே போய்விடும்.

மிகப் பெரிய சர்வரில் சேரலாமா? குழப்பமாக இருந்தால் சேருங்கள், தப்பில்லை. பிறகு மாறிக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் அங்கேயே குவிந்தால் மறுபடியும் எல்லாம் ஒரே இடத்தில்தான்.

5. புளூஸ்கை என்றால் பெயரைப் பாருங்கள்

இங்கே கணக்கு தொடங்குவது சில நிமிட வேலை. 2024 பிப்ரவரியிலிருந்து அழைப்பிதழ் எதுவும் தேவையில்லை. தொடக்கத்தில் நிறுவனத்தின் டொமைனுக்குக் கீழே ஒரு பெயர் கிடைக்கும். சொந்த டொமைன் இருந்தால் அதையே பெயராக வைத்துக்கொள்ள முடியும்: டொமைனின் டிஎன்எஸ் (பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவேடு) அமைப்பில் ஒரு டெக்ஸ்ட் பதிவைச் சேர்க்க வேண்டும், அல்லது வலைத்தளத்தில் ஒரு சிறு கோப்பை வைக்க வேண்டும். எதை எழுத வேண்டும் என்பதைச் செயலியே காட்டும். மாற்றம் பரவச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம்வரை ஆகலாம். "சரிபார்க்க முடியவில்லை" என்று வந்தால் பதறாமல் சிறிது நேரம் கழித்து மறுபடி முயலுங்கள். பெயரை மாற்றுவதால் பின்தொடர்பவர்கள் யாரும் போய்விட மாட்டார்கள்.

பொறி எங்கே என்றால் டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிடுவதில்தான். காலாவதியானால் உங்கள் பெயர் "செல்லாதது" என்று காட்டும். கணக்கு பிழைத்துக்கொள்ளும், ஆனால் டொமைனை வேறொருவர் வாங்கிவிட்டால் உங்கள் பெயரில் அவர் உலவலாம்.

வெளிச் செயலிகளில் நுழையும்போது சிலவற்றில் கடவுச்சொல்லை நேராகத் தரும்படி கேட்கும். முதன்மைக் கடவுச்சொல்லைத் தராதீர்கள். அமைப்புகளில் செயலிக் கடவுச்சொல் என்று தனியே உருவாக்கித் தருங்கள். சந்தேகம் வந்தால் அதை மட்டும் ரத்து செய்துவிடலாம்.

இங்கே பூட்டிய கணக்கு என்று ஒன்று இல்லை. பதிவுகள், விருப்பங்கள், யாரைத் தடுத்தீர்கள் என்பதுகூட நெறிமுறைப்படி பொதுவெளித் தகவல்தான். தொல்லை கொடுப்பவர்களைத் தடுக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

6. தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க

எழுத்து வரம்பு எக்ஸில் 280, புளூஸ்கையில் 300, மாஸ்டடானில் வழக்கமாக 500. பார்த்தால் எக்ஸும் புளூஸ்கையும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். தமிழுக்கு அப்படி இல்லை. எக்ஸ் ஒவ்வொரு யூனிகோடு குறியையும் தனித்தனியே எண்ணுகிறது. மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் கணக்கில் ஏறும். "தமிழ்" என்று எழுதினால் அங்கே ஐந்து. மற்ற இரண்டிலும் நாம் கண்ணால் பார்க்கும் எழுத்தே கணக்கு, அதாவது மூன்று. எக்ஸில் இரண்டாக வெட்டிப் போட்ட பதிவு புளூஸ்கையில் ஒன்றாகவே அடங்கிவிடலாம். மாஸ்டடானில் ஒரு முழுப் பத்தியையே எழுதலாம்.

மாஸ்டடானில் ஹேஷ்டேக் போடாமல் எழுதினால் உங்களைப் புதியவர்கள் கண்டுபிடிப்பது கடினம். பதிவுகளைத் தேடலில் காட்டலாம் என்று நீங்கள் அனுமதித்தால்தான் அவை பொதுத் தேடலில் வரும். அந்தத் தெரிவு தொடக்கத்தில் அணைந்திருக்கும். வெளியே தெரிய விரும்பினால் சுயவிவர அமைப்புகளில் போய் இயக்குங்கள்.

7. செலவு

மூன்றிலும் கணக்கு தொடங்க காசு இல்லை. எக்ஸில் நீலக் குறி, பதிவைத் திருத்துவது, நீண்ட பதிவு எழுதுவது ஆகியவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். மாஸ்டடானில் பதிவைத் திருத்துவது எல்லோருக்கும் இலவசம். புளூஸ்கையில் திருத்தவே முடியாது, அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். அடையாளத்தை உறுதிசெய்ய மாஸ்டடானில் பணம் தேவையில்லை: அமைப்புகளில் தரப்படும் ஒரு வரி நிரலை உங்கள் வலைத்தளத்தில் ஒட்டினால், சுயவிவரத்தில் அந்தத் தள முகவரி பச்சையாக மாறிவிடும்.

சொந்த டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. முதல் ஆண்டு விலையைப் பார்த்து வாங்காதீர்கள். புதுப்பிக்கும் விலை பலமடங்கு கூடலாம்; அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

"சொந்தமாகவே ஒரு மாஸ்டடான் சர்வர் வைத்துவிட்டால்?" என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். முதல் ஆறு மாதம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாத வாடகை மட்டும் செலவு இல்லை. நீங்கள் பின்தொடர்பவர்களின் படங்களும் காணொளிகளும் உங்கள் சர்வரின் சேமிப்பிடத்தில் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், அதை ஒழுங்காகத் துப்புரவு செய்யாவிட்டால் இடம் தீர்ந்துவிடும். மின்னஞ்சல் அனுப்பும் சேவை, பேக்கப், பாதுகாப்பு மேம்படுத்தல்கள் எல்லாம் உங்கள் தலையில். அவ்வளவு ஆசை இருந்தால், பராமரிப்பையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும் வாடகைச் சேவைகளைப் பாருங்கள்.

பிறர் நடத்தும் சர்வரில் இருந்தால் முடிந்ததை மாதாமாதம் கொடுங்கள். விளம்பரம் இல்லாத இடத்தில் யாரோ ஒருவர் தன் கையிலிருந்து கட்டுகிறார். பல சர்வர்கள் மூடப்படுவது பணத்தாலும் களைப்பாலும்தான்.

8. முதல் வாரத்தில் தடுமாறும் இடங்கள்

மாஸ்டடானில் வேறு சர்வரில் இருக்கும் ஒருவரின் பக்கத்தை உலாவியில் திறந்தால், நீங்கள் உள்நுழையாத மாதிரியே காட்டும். அங்கே புதிதாகக் கணக்கு தொடங்கிவிடாதீர்கள். அவருடைய முழு முகவரியை நகலெடுத்து உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அவருடைய பழைய பதிவுகள் பல அங்கே தெரியாமல் இருக்கலாம், பதில்களின் எண்ணிக்கையும் சர்வருக்குச் சர்வர் வேறுபடும். அது இயல்புதான், உங்கள் கணக்கில் கோளாறு இல்லை.

தனிச்செய்தி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மாஸ்டடானிலும் புளூஸ்கையிலும் அது முழுமறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டுவது) செய்யப்பட்டதல்ல. மாஸ்டடானில் இருபக்கச் சர்வர் நிர்வாகிகளாலும் நினைத்தால் படிக்க முடியும். அதோடு, தனிச்செய்தியில் மூன்றாவது ஆளின் முகவரியைக் குறிப்பிட்டால் அது அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றிப் பேசும்போது இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. வங்கி விவரம், மருத்துவ விவரம் எதையும் அங்கே எழுதாதீர்கள்.

மாஸ்டடானில் இருந்தபடி புளூஸ்கை நண்பர்களோடு பேச வேண்டுமா? பிரிட்ஜி ஃபெட் என்ற இணைப்புச் சேவை இருக்கிறது. அதன் பாலக் கணக்கைப் பின்தொடர்ந்தால் உங்கள் பதிவுகள் மறுபக்கமும் தெரியும். எதிராளியும் அதில் சேர்ந்திருந்தால்தான் அவரை நீங்கள் பின்தொடர முடியும்.

9. மாஸ்டடானில் சர்வர் மாறும் முறை

வரிசை முக்கியம், அதைக் குலைக்காதீர்கள்.

முதலில் பழைய கணக்கின் ஏற்றுமதிப் பக்கத்தில், நீங்கள் பின்தொடர்பவர்கள், பட்டியல்கள், தடுத்தவர்கள், சேமித்த பதிவுகள் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகத் தரவிறக்குங்கள். பதிவுகளின் காப்பகத்தையும் கோருங்கள். ஏழு நாளுக்கு ஒரு முறைதான் அதைக் கோர முடியும்.

அடுத்து புதுச் சர்வரில் கணக்கு தொடங்கி, அந்தக் கோப்புகளை இறக்குமதி செய்யுங்கள். பிறகு புதுக் கணக்கில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேருங்கள். இதைச் செய்யாமல் பழைய கணக்கிலிருந்து நகர்த்த முயன்றால் பிழைதான் வரும்.

கடைசியாகப் பழைய கணக்கில் "வேறு கணக்குக்கு மாறு" என்ற இடத்தில் புது முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். பின்தொடர்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்வார்கள். மறுமுனைச் சர்வர் அப்போது இயங்காமல் இருந்தால் சிலர் விடுபடலாம். மாறிய பிறகு 30 நாளைக்கு மறுபடி மாற முடியாது, அதனால் போகும் இடத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.

இந்த ஏற்றுமதிக் கோப்புகளை மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறை எடுத்து வையுங்கள். சர்வர் சொல்லாமல் நின்றால் பின்தொடர்பவர்களை மீட்க முடியாது, ஆனால் நீங்கள் பின்தொடர்ந்தவர்களையாவது சில நிமிடங்களில் திரும்பச் சேர்த்துவிடலாம். புளூஸ்கையிலும் தரவை ஏற்றுமதி செய்யும் தெரிவு அமைப்புகளில் உண்டு. அந்தக் கோப்பில் பதிவுகள் இருக்கும், படங்களும் காணொளிகளும் இருக்காது. மூலப்படங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

10. பழைய கணக்கை என்ன செய்வது

எக்ஸ் கணக்கை ஆத்திரத்தில் அழிக்காதீர்கள். முடக்கினால் 30 நாளுக்குள் திரும்ப உள்நுழைந்து மீட்கலாம், அதற்கு மேல் நிரந்தரமாகப் போய்விடும். பின்னர் அந்தப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. உங்களைப் பெயரால் அறிந்தவர்கள் ஏமாறக்கூடும். காப்பகம் கைக்கு வந்து, அதைத் திறந்து பார்த்து, படங்கள் எல்லாம் இருக்கின்றன என்று உறுதியான பிறகு புது முகவரியை மேலே பொருத்திய பதிவாக வைத்துவிட்டுக் கணக்கைச் சும்மா விட்டுவைப்பதே மேல். அங்கே இரு படிச் சரிபார்ப்பைக் குறியீட்டுச் செயலி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி வழி 2023 மார்ச்சிலிருந்து சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும்தான்.

பழைய மாஸ்டடான் கணக்கையும் அப்படியே விட்டுவிடுங்கள். அது பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு வழிகாட்டிக்கொண்டே இருக்கும். அழித்துவிட்டால் அந்தப் பெயரை அதே சர்வரில் நீங்கள்கூடத் திரும்பப் பெற முடியாது.